ஆய்வகத்தில் விண்தூசு: எக்ஸ் கதிர் ஆய்வு பற்றி வடசென்னை மாணவர்கள் கேட்ட கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் நடத்தும் அறிவியல் வகுப்புக்குக் காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர், மணலி ஆகிய இடங்களிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். விண்வெளித் தூசுக்கு நிகரான பொருளை ஆய்வகத்தில் தயாரித்து, அதை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்வதுதான் என் ஆராய்ச்சிக் காலத்து வேலை என்று ஒருமுறை சொன்னேன். அன்றிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

விண்வெளித் தூசு என்பது என்ன? நம் தெருவில் பறக்கும் தூசும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. நம் தெருத் தூசு மண்ணும் புகைக்கரியும் சிமெண்டும் துணி இழையும் கலந்தது. விண்மீன்களுக்கு இடையே மிதப்பது பெரும்பாலும் சிலிக்கேட்டுகளும் கரிமப் பொருள்களும்தான். சிலிக்கேட் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்து மக்னீசியம், இரும்பு போன்ற உலோகங்களைப் பிணைத்து வைத்திருக்கும் கனிம வகை. துகளின் அளவு பெரும்பாலும் ஒரு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. வயதான விண்மீன்கள் வெளியே தள்ளும் வாயு ஆறும்போதும், பெருவிண்மீன்கள் வெடித்துச் சிதறிய பிறகும், சூட்டில் ஆவியாக இருந்த அணுக்கள் ஒன்றுகூடித் துகளாகின்றன.

எடைக்கணக்கில் விண்மீனிடை வாயுவில் ஏறத்தாழ 100-இல் ஒரு பங்குதான் தூசு. ஆனால் அது செய்யும் வேலை பெரிது. போகி விடியலில் வியாசர்பாடிப் பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், புகைக்கு அப்பால் சூரியன் மங்கிச் சிவந்திருக்கும். தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளியையும் விண்தூசு அவ்வாறே மங்கச் செய்து சிவக்க வைக்கிறது என்பதை 1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர் அளந்து காட்டினார். புதிய விண்மீனும் கோள்களும் உருவாவதற்கான மூலப்பொருளும் இதே தூசுதான்.

ஒப்புமைத் தூசு என்றால் என்ன? உண்மையான தூசு இருக்கும்போது போலியை ஏன் ஆராய வேண்டும்?

போலி என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. விண்தூசில் இருப்பதாக நம்பப்படும் அதே தனிமங்களை, அதே விகிதத்தில், நாமே சேர்த்துத் தயாரிக்கும் பொருளை ஒப்புமைத் தூசு என்கிறோம்.

உண்மையான தூசு கிடைக்கவே செய்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம். 1999-இல் ஏவப்பட்ட ஸ்டார்டஸ்ட் விண்கலம், 2004 ஜனவரியில் வைல்ட் 2 என்ற வால்மீனின் அருகே பறந்து, ஏரோஜெல் என்னும் மிக இலகுவான பொருளில் தூசைப் பிடித்து 2006 ஜனவரியில் பூமிக்கு அனுப்பியது. ஜப்பானின் ஹயபுசா 2 ரியூகு சிறுகோளிலிருந்து 2020-இல் கொண்டுவந்தது சுமார் 5.4 கிராம். அமெரிக்காவின் ஒசைரிஸ் ரெக்ஸ் பென்னு சிறுகோளிலிருந்து 2023-இல் கொண்டுவந்தது 121.6 கிராம். உலகமே பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பொருளை உலையில் போட்டுச் சுட்டுப் பார்க்க யாரும் தரமாட்டார்கள், தரவும் கூடாது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. உண்மைத் துகளுக்கு நடந்தவை பல, அவற்றில் எது எந்த அடையாளத்தை விட்டுச் சென்றது என்று பிரித்துச் சொல்வது கடினம். நாமே தயாரித்த தூசில் என்ன போட்டோம், எத்தனை பாகையில் எத்தனை மணி நேரம் சூடாக்கினோம் என்பது நமக்குத் தெரியும். இரும்பைச் சிறிது கூட்டி மற்றதை அப்படியே விட்டால், காணும் மாற்றம் இரும்பால் வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

அதை எப்படித் தயாரிக்கிறீர்கள்?

பல வழிகள் உண்டு. சிலர் கனிமத்தை உருக்கிச் சட்டென்று குளிர்விப்பார்கள், சிலர் லேசர் கொண்டு ஆவியாக்கி வாயுவிலிருந்தே படிய வைப்பார்கள். நான் செய்தது சோல்-ஜெல் முறை. அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

மக்னீசியம் நைட்ரேட் கரைசல் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். அதில் சோடியம் சிலிக்கேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், முதலில் ஒரு பால் நிறம் பரவும், பிறகு முகவை முழுவதும் இளநீர் வழுக்கைபோல ஒரு வெண்கூழ் திரளும். அந்தக் கூழை வடிகட்டி, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவி, அடுப்பில் உலர்த்தி, அகேட் கல்வத்தில் அரைத்தால் முகப்பவுடரைவிட மெல்லிய வெண்தூள் கிடைக்கும். இந்தத் தூளில் அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. அதாவது இது படிக உருவற்றது. விண்மீனிடைச் சிலிக்கேட் தூசும் ஏறத்தாழ முழுவதும் இப்படித்தான் இருக்கிறது.

கழுவுவதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

எக்ஸ் கதிர் அதில் எதைக் காட்டுகிறது? மருத்துவமனையில் எலும்பைப் படம் எடுப்பது போலவா?

கதிர் அதே இனம்தான், பயன்படுத்தும் விதம் வேறு. எலும்பு படமெடுக்கும்போது நிழலைப் பார்க்கிறோம். இங்கே கதிர் எந்தக் கோணத்தில் திரும்பி வருகிறது என்பதைப் பார்க்கிறோம்.

ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் தாமிர எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் வரும் நீளத்தில் ஒன்றரை மடங்கு. படிகத்துக்குள் அணு அடுக்குகளுக்கு இடையிலான தொலைவும் இதே அளவில் இருப்பதால், அடுத்தடுத்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறுகின்றன. 1912-இல் லாவே இந்த விளிம்பு விளைவை முன்னறிந்து சொல்ல, பிராக் தந்தையும் மகனும் அதைக் கணக்காக்கித் தந்தார்கள். கோணம் தெரிந்தால் அடுக்குத் தொலைவு தெரியும். அடுக்குத் தொலைவுகளின் பட்டியல் தெரிந்தால் கனிமத்தின் பெயர் தெரியும்.

முதலில் சொன்ன வெண்தூளைக் கருவியில் வைத்தால், திரையில் 20 முதல் 35 பாகை வரையில் ஒரு தாழ்வான, அகன்ற மேடுதான் வரும். ஒழுங்கு இல்லை என்பதன் அடையாளம் அந்த மேடு. அதே தூளை உலையில் 800 அல்லது 900 பாகை செல்சியஸில் சில மணி நேரம் வைத்தெடுத்து மறுபடி அளந்தால், மேடு தாழ்ந்து அதன்மேல் கூரிய முகடுகள் எழுந்திருக்கும். 22.9 பாகையில் ஒன்று, 35.7 பாகையில் ஒன்று, 36.5 பாகையில் இன்னொன்று என்று அவை வரிசையாக நின்றால், தூள் ஃபார்ஸ்டரைட் ஆகிவிட்டது என்று பொருள். மக்னீசியம் மிகுந்த ஒலிவின் கனிமம் அது. முதன்முறை அந்த முகடுகள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுவதைப் பார்த்த இரவில் நான் சாப்பிடவே மறந்துபோனேன்.

இந்தக் கலைக்குச் சென்னையில் ஆழமான வேர் உண்டு என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் ஜி.என். இராமச்சந்திரன் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவைக் கொண்டுதான் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954-இல் காட்டினார்.

தூசு படிகமாக இருக்கிறதா இல்லையா என்பது ஏன் அவ்வளவு முக்கியம்?

இந்த ஆய்வின் உயிரே இந்தக் கேள்விதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சித்த மருத்துவத்தில் புடம் போடுவது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எந்தப் பொருளை, எத்தனை எருவில், எவ்வளவு நேரம் சுட்டார்கள் என்பதை, வெளிவரும் பற்பத்தைப் பார்த்தே அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். சிலிக்கேட் தூசும் அப்படித்தான். ஒழுங்கற்ற சிலிக்கேட் தானாகப் படிகமாகாது. விண்மீன்களுக்கு இடையிலுள்ள கடுங்குளிரில் எத்தனை கோடி ஆண்டுகள் கிடந்தாலும் ஆகாது. ஏறத்தாழ 1000 கெல்வின் வெப்பம் பட்டால்தான் அணுக்கள் இடம்பெயர்ந்து வரிசையில் அமர்கின்றன. ஆகவே, ஒரு தூசுத் துகள் படிகமாக இருந்தால் அது எங்கோ, எப்போதோ புடம் போடப்பட்டிருக்கிறது.

இப்போது வானத்தைப் பாருங்கள். நம் பால்வீதியின் விண்மீனிடை வெளியில் சிலிக்கேட் தூசில் படிகத்தின் பங்கு சுமார் 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆனால் 1997-இல் வெறும் கண்ணுக்கே தெரிந்த ஹேல்-பாப் வால்மீனின் நிறமாலையில் ஃபார்ஸ்டரைட்டின் அடையாளம் தெளிவாக இருந்தது. வால்மீன்கள் சூரியனுக்கு வெகுதொலைவில், பனிக்குளிரில் உருவானவை. குளிரில் உருவான வீட்டுக்குள் சுட்ட செங்கல் எப்படி வந்தது? ஸ்டார்டஸ்ட் கொண்டுவந்த துகள்களிலும் கடும் வெப்பத்தில் மட்டுமே உருவாகக்கூடிய கனிமங்கள் இருந்தன. சூரியனுக்கு அருகில் சுடப்பட்ட துகள்கள், சூரியக் குடும்பம் உருவான காலத்துத் தட்டில் வெளிநோக்கி வெகுதூரம் கொண்டுசெல்லப்பட்டன என்பதே இதற்கு இன்று தரப்படும் விளக்கம்.

புடம் போடுவதை நேரிலேயே பார்த்ததும் உண்டு. ஓநாய் விண்மீன் குழுவிலுள்ள இ.எக்ஸ். லூபி என்ற இளம் விண்மீன் 2008-இல் திடீரெனப் பல மடங்கு பொலிந்தது. அதற்கு முன் அதைச் சுற்றியிருந்த தூசில் காணப்படாத ஃபார்ஸ்டரைட் அடையாளத்தை, பொலிவின்போது ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி பதிவு செய்தது. எத்தனை பாகையில் எவ்வளவு நேரத்தில் இந்த மாற்றம் நடக்கும் என்று ஆய்வகத் தூளைச் சுட்டு எழுதி வைத்த கணக்கு இல்லாவிட்டால், அந்த நிறமாலையைப் படித்திருக்கவே முடியாது.

தொலைநோக்கிகள் அகச்சிவப்பில் பார்க்கின்றன, நீங்கள் எக்ஸ் கதிரில் பார்க்கிறீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

ஒரே தூளை இரண்டிலும் அளப்பதால் பொருந்தும். ஒழுங்கற்ற சிலிக்கேட் 10 மைக்ரானிலும் 18 மைக்ரானிலும் அகன்ற அகச்சிவப்புப் பட்டைகளைத் தரும், படிகமானால் 11 மைக்ரானுக்குச் சற்று மேலும் 69 மைக்ரானிலும் கூரிய முகடுகள் தோன்றும். வானத்தில் அகச்சிவப்பை மட்டும் பார்ப்பவருக்கு, அந்த முகட்டின் பின்னால் இருக்கும் அணு அமைப்பு எது என்று எக்ஸ் கதிர் அளவீடுதான் சாட்சி சொல்கிறது.

நேரடியான பொருத்தமும் ஒன்று உண்டு. எக்ஸ் கதிரை மிகுதியாக உமிழும் விண்பொருள் ஒன்றுக்கும் நமக்கும் இடையே தூசு மேகம் இருந்தால், சிலிக்கானும் மக்னீசியமும் இரும்பும் தத்தம் ஆற்றலில் அந்தக் கதிரை உட்கவர்கின்றன. இரும்புக்கு அது சுமார் 7.1 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானுக்குச் சுமார் 1.84. அந்த ஆற்றலில் கதிர் திடீரெனக் குறையும் இடத்தை உட்கவர் விளிம்பு என்பார்கள். அதன் நுண்வடிவம், அணு எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆய்வகத்தில் ஒப்புமைத் தூசின் விளிம்பை அளந்து, சந்திரா விண்தொலைநோக்கி பதிவு செய்த நிறமாலையோடு வைத்துப் பார்க்கிறார்கள். 1999-இல் ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கிக்குப் பெயர் தந்தவர், கடற்கரைச் சாலையிலுள்ள மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்.

கல்லூரிக் கருவி போதாதா? சின்க்ரோட்ரான் எதற்கு?

சுட்டு முடித்த தூளின் பெயரைக் கண்டறியக் கல்லூரிக் கருவி போதும். சுட்டுக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு நொடி என்ன நடக்கிறது என்று பார்க்க அது போதாது, ஏனெனில் நல்ல பதிவு ஒன்றை எடுக்க அதற்கு மணிக்கணக்காகலாம். சின்க்ரோட்ரான் என்பது எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் வளையத்தில் ஓடவிட்டு, அவை வளையும்போது உமிழும் செறிந்த எக்ஸ் கதிரைப் பயன்படுத்தும் அமைப்பு. நம் நாட்டில் இந்தூரில் ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில் உள்ள இந்துஸ்-2 அத்தகையது, அதன் வளையம் 172 மீட்டருக்குச் சற்றே கூடுதலான சுற்றளவும் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலும் கொண்டது. இங்கிலாந்தின் டயமண்ட் வளையம் ஏறத்தாழ 562 மீட்டர். அங்கே மாதக்கணக்கில் ஒரே மாதிரியை வைத்துக் கவனிக்கும் தனி வசதியும் இருக்கிறது.

விண்வெளியில் சுண்ணாம்பு இருப்பதாகச் சொன்னீர்களே, அது உண்மையா?

உண்மை. மண்ணடியிலும் ராயபுரத்திலும் பழைய வீட்டுச் சுவர்களில் பூசியிருக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஆண்டுக்கணக்கில் உள்வாங்கிக் கால்சைட் என்னும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. ஈரம் இல்லாமல் இந்த வேலை நடப்பது அரிது. பூமியில் கார்பனேட்டைக் கண்டால் அங்கே நீர் இருந்தது என்று புவியியலாளர் கருதுவதும் இதனால்தான். ஆனால் 2002-இல், நீர் தேங்க வாய்ப்பே இல்லாத என்.ஜி.சி. 6302 என்ற விண்மீன் எச்சத்தின் தூசில் கால்சைட்டின் அடையாளம் அறிவிக்கப்பட்டது. வாயுவும் திடத் தூசும் மட்டும் சேர்ந்து சுண்ணாம்பாக முடியுமா என்று டயமண்ட் வளையத்தில் சோதித்தார்கள். ஒழுங்கற்ற கால்சியம் சிலிக்கேட் தூளின்மேல் அழுத்தமான கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தியபோது, அறை வெப்பத்திலேயே கால்சைட்டும், அதே சேர்மத்தின் அரிய வடிவமான வேட்டரைட்டும் தோன்றியதாக 2013-இல் எழுதினார்கள்.

இதைப் படித்த உற்சாகத்தில் நானும் கால்சியம் நைட்ரேட்டிலிருந்து தூள் தயாரித்தேன். எந்த வாயுவும் செலுத்துவதற்கு முன்பே, முதல் பதிவிலேயே 29.4 பாகையில் ஒரு கூரிய முகடு! அது கால்சைட்டின் முதன்மை முகடு. அறைக்காற்றிலிருந்தே தூள் கார்பனேட் ஆகிவிட்டது என்று நம்பி இரண்டு வாரம் அதன் பின்னால் போனேன். என்னை நிறுத்தியவர் ஆய்வகத்தில் மூத்த தொழில்நுட்பர் ஒருவர். "தம்பி, அதை இன்னும் ரெண்டு தடவை கழுவிட்டுப் பாருங்க" என்றார். கழுவினேன், முகடு காணாமல் போயிற்று. கால்சைட் நீரில் எளிதில் கரையாது. கரைந்தது சோடியம் நைட்ரேட். கூழ் திரளும்போது பக்கவிளைவாக உருவாகும் அந்த உப்பின் படிக அமைப்பு கால்சைட்டினுடையதைப் போன்றதே, முதன்மை முகடும் அதே 29.4 பாகைதான். இரண்டையும் பிரித்துக்காட்டும் சிறிய முகடுகள் என் அவசரப் பதிவின் இரைச்சலில் மறைந்துவிட்டன. ஒரு முகட்டை மட்டும் நம்பிக் கனிமத்துக்குப் பெயர் சூட்டக்கூடாது என்பதை அதற்குப் பிறகு எந்த மாணவருக்கும் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்.

விண்வெளிச் சூழலை ஆய்வகத்தில் முழுமையாகக் கொண்டுவர முடியுமா?

முடியாது. இத்தகைய ஆய்வுக்குப் பயன்படும் நல்ல வெற்றிடக் கலனிலும் வழக்கமாக ஒரு கன சென்டிமீட்டரில் பல லட்சம் மூலக்கூறுகள் மிஞ்சும், விண்மீனிடை வெளியின் பெரும்பகுதியில் ஓரிரு அணுக்கள்கூட இருப்பதில்லை. பல லட்சம் ஆண்டுகளை நாம் காத்திருக்கவும் முடியாது. வெப்பத்தைக் கூட்டி வேகப்படுத்தி, அதிலிருந்து மெதுவான வேகத்தைக் கணக்கிடுகிறோம். இருந்தாலும் எல்லை தெரிந்து செய்தால் பயன் மிகுதி. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் மிகை வெற்றிடத்தில், 30 கெல்வின், 10 கெல்வின் குளிரில், நீர் மூலக்கூறுகளாலான பனிக்கூண்டுக்குள் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் சிறைப்படுவதை 2019-இல் காட்டினார்கள். அது பனி ஒப்புமை, பயன்படுத்தியது அகச்சிவப்பு. ஆனால் முறை ஒன்றே.

எக்ஸ் கதிரோடு வேலை செய்வது ஆபத்தில்லையா?

கதிர் வெளிவரும் பகுதி முழுவதும் ஈயக் கண்ணாடி அறைக்குள் இருக்கும், கதவைத் திறந்தால் கதிர் தானாக அடைபடும். இத்தகைய கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவை. அந்தக் கதவுப் பூட்டை ஏமாற்றி இயக்க யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

என் மகள் இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

காசிமேட்டில் மீன் ஏலத்தில் நிற்கும் ஒரு தாய் கேட்டது இது. அக்கா, விண்தூசு ஆராய்ச்சியில் மட்டும் உள்ள பணியிடங்கள் நம் நாட்டில் குறைவு, அதை மறைப்பது தவறு. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் போன்ற சில இடங்களே உண்டு. ஆனால் தூளை எக்ஸ் கதிரில் அளந்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்குச் சிமெண்ட், மருந்து, வண்ணப்பூச்சு, உரம், உலோகம் ஆகிய அத்தனை தொழில்களிலும் வேலை இருக்கிறது. இயற்பியலோ வேதியியலோ இளங்கலை முடித்து, முதுகலைக்கான ஜாம் நுழைவுத்தேர்வை எழுதச் சொல்லுங்கள். கல்லூரியில் கருவி இல்லையே என்று தயங்க வேண்டாம், கல்வத்தில் ஒரே சீராக அரைக்கும் கைப்பழக்கமே பாதிப் பயிற்சி.

எங்கள் மொட்டைமாடியைக் கூட்டினால் விண்தூசு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கண்டுபிடிப்பது கடினம். அண்டார்க்டிக் பனியில் சேகரித்ததைக் கொண்டு, பூமியின்மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,200 டன் நுண்விண்கல் தூசு விழுவதாக 2021-இல் மதிப்பிட்டார்கள். அதைப் பூமியின் பரப்பால் வகுத்தால், அரை கிரவுண்டு மாடிக்கு ஓராண்டில் சுமார் ஒரு மில்லிகிராம் வரும். ஆஸ்லோ, பாரிஸ், பெர்லின் நகரக் கூரைகளிலிருந்து ஏறத்தாழ 500 துகள்களைப் பிரித்தெடுத்ததாக 2017-இல் ஓர் ஆய்வு வந்தது.

வடசென்னையில் இந்த வேலைக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் காற்றில் கலக்கிறது, அந்தச் சாம்பலும் உருண்டையான கண்ணாடி மணிகளாகவே இருக்கும். வெல்டிங் பட்டறைகளின் பொறியும் ஆறினால் கறுத்த உருண்டைதான். நுண்ணோக்கியில் பார்த்துப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். எக்ஸ் கதிர் இங்கே கைகொடுக்கும். சாம்பலாக இருந்தால் முல்லைட், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள் தெரியும், குவார்ட்சின் முதன்மை முகடு 26.6 பாகை. நிலக்கரிச் சாம்பலை மூச்சில் வாங்கி வாழும் மக்களுக்கு, தங்கள் மாடியில் படிந்ததில் எத்தனை பங்கு அந்தச் சாம்பல் என்று தெரிவதும் விண்தூசு அறிவதற்குச் சற்றும் குறைந்த அறிவல்ல என்பது என் எண்ணம். நுண்விண்கல்லாக இருந்தால் ஒலிவினும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடும் சேர்ந்து வரும், சிலவற்றில் நிக்கல் கலந்த இரும்பும் இருக்கும்.

சேகரிக்க விரும்புவோர், மழைநீர் வடியும் குழாய் வாயில் படிந்திருக்கும் வண்டலை எடுங்கள். மாடியின் நடுவில் கூட்டியதைவிட அதில் கனமான துகள்கள் மிகுதி. சோப்பு நீரில் அலசி, கலங்கலை வடித்துவிட்டு, வெயிலில் உலர்த்துங்கள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அதன்மேல் ஓட்டினால், ஒட்டிய துகள்களை உறையை உருவியதும் தாளில் கொட்டிவிடலாம். பொட்டலத்தின்மேல் தெருவின் பெயர், எடுத்த தேதி, கடைசியாக மழை பெய்த நாள், அருகில் வெல்டிங் பட்டறை உண்டா என்ற நான்கையும் எழுதி ஞாயிறு மாலை கொண்டுவாருங்கள்.